வாற்பலகையும் வண்டியின் பிடிமானமும்
(உயர்தர வகுப்பு மாணவர்க்கும் வண்டியோட்டும் பழைய மாணவர்க்கும் ஒரு பாடம்)

நம் கல்லூரியன்னையின் விழாமலரில் தமிழாசிரியன் ஒருவன் எழுதுவதென்றால், இலக்கிய நயம் பற்றியோ இலக்கண நுட்பம் பற்றியோ எழுதுவான் என்றே அன்பர்கள் எதிர்பார்ப்பர். மோட்டார் வண்டியின் பின்புறத்திற் பொருத்தும் ஒரு பலகையைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி உண்டு என்று வினவுவோரும் இருக்கலாம். அவ்வினா நியாயமானதே. அறியாத ஒன்றை அறிந்தவன்போலத் தலையசைத்து, அதன் பயனை நேரிற் கண்டவன் என்பதொன்றே என் தகுதி. அந்தத் தலையசைப்புக்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என்னிடம் கல்வி கற்ற இளைஞன் ஒருவன் சிறிய கார் ஒன்றை லீசிங் முறையிற் பெற்று, கண்டியிலிருந்து வாடகைக்கு ஓட்டி வருகிறான். ஒருநாள் மாலை, பாடசாலை விடும் வேளையில், வண்டியைக் கல்லூரி வாயிலிற் கொணர்ந்து நிறுத்தினான். வண்டியின் பின்புறக் கதவின் மேல் புதிதாக ஒரு சிறகு முளைத்திருந்தது. அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தான். "எப்படி இருக்கிறது சேர்? இனி மலையிறக்கத்தில் வண்டி வழுக்காது. றோட்டை அப்படியே பிடித்துக்கொண்டு ஓடும்" என்றான். தோகை விரித்த மயில் போல் இருக்கிறதென்று நானும் உவமை சொன்னேன். 'ஆம்' என்பதற்கு அடையாளமாகத் தலையையும் அசைத்தேன். அவன் மகிழ்ந்து சென்றான்.

சில வாரங்கள் கழிந்து, மாரிகாலத்தில், கொழும்பிலே ஒரு கூட்டத்திற்குச் செல்ல அவன் வண்டியிலேயே புறப்பட்டேன். கடுகண்ணாவை இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. முன்னே சென்ற பேருந்து திடீரென நின்றது. அவன் பிரேக்கை அழுத்தினான். வண்டி நிற்கவில்லை, வழுக்கிற்று. தெய்வாதீனமாகப் பள்ளத்தின் பக்கம் சாயாது மலைப்பக்கத்துக் கானில் இறங்கி நின்றது. இருவருக்கும் சிராய்ப்பன்றி வேறு தீங்கில்லை. பின்னால் வந்த லொறிச் சாரதி ஒருவர் இறங்கி உதவிக்கு வந்தார். அவர் ஒன்றும் பேசாது முன்ரயரைத் தம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அது மொட்டையாய் இருந்தது. பின்னர் நிமிர்ந்து சிறகைப் பார்த்தார். மெல்லச் சிரித்துவிட்டுக் கயிறு எடுக்கப் போனார்.

ரயருக்கென்று சேர்த்த பணத்தையே சிறகுக்குச் செலவிட்டதாக அவ்விளைஞன் அன்றிரவு என்னிடம் சொன்னான். "நீங்களும் சரியென்றீர்களே சேர்" என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனம் ஓரளவு ஆறியிருக்கும். ஆசிரியனுடைய தலையசைப்பும் ஒரு சான்றிதழே என்பதை அன்று உணர்ந்தேன். மறுநாள் முதல், எம் கல்லூரிப் பௌதிகவியல் ஆசிரியரைத் துணைக்கொண்டு, இப்பொருளை மாணவனாயிருந்து கற்றேன். கற்றதை ஈண்டுத் தருகின்றேன்.

1. பெயரும் பொருளும்

வழக்கில் இதனை 'ஸ்பொயிலர்' என்கின்றோம். 'கெடுப்பது' என்பதே அவ்வாங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள். எதனைக் கெடுப்பது? வண்டியின் உடலைத் தழுவிக்கொண்டு ஓடுங் காற்றின் ஓட்டத்தைக் கெடுப்பது. விமானத்தின் சிறகின்மேல் எழும்பி, அதன் தூக்குவிசையைக் குறைக்கும் தகட்டிற்கும் இதுவே பெயர். தமிழிலே இதனை 'வாற்பலகை' என வழங்கலாமென்பது என் கருத்து. வாலில் அமைந்த பலகை வாற்பலகை. இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆள்கின்றேன்.

வாற்பலகை வேறு, சிறகு வேறு என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும. வாற்பலகை வண்டியின் உடலோடு ஒட்டியது. உடலின்மேல் ஓடுங் காற்றை வழிமாற்றுவதே அதன் தொழில். சிறகோ இரு தண்டுகளின் மேல் உயர்ந்து நிற்பது. அதன் மேலும் கீழும் காற்று ஓடும். விமானச் சிறகைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எப்படியோ அப்படி. விமானச் சிறகு காற்றைக் கீழே தள்ளுவதால் தான் மேலெழுகின்றது. கவிழ்த்த சிறகு காற்றை மேலே தள்ளுவதால் தான் கீழே அழுத்தப்படுகின்றது. தாக்கமும் மறுதாக்கமும் சமமும் எதிருமாம் என்னும் நியூற்றனின் மூன்றாம் விதியே இது.

2. காற்று செய்வது யாது?

ஓடும் வண்டிக்குக் காற்று இரு வகையால் இடர் செய்கின்றது. ஒன்று இழுவை, அதாவது வண்டியைப் பின்னோக்கி இழுத்தல். மற்றது தூக்கல். வண்டியின் முதுகு வளைந்திருத்தலின், அவ்வளைவின்மேற் செல்லுங் காற்று விரைகின்றது. விரையும் இடத்தில் அமுக்கம் குறைகின்றது. அமுக்கம் குறையவே வண்டியின் பின்புறம் சிறிது மேலே தூக்கப்படுகின்றது. தூக்கப்பட்ட அளவுக்கு ரயர் நிலத்தைப் பற்றும் பற்றுங் குறையும்.

இவ்விரண்டும் கதியின் வர்க்கத்திற்கேற்ப வளர்வன. கதி இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். கதி மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். இந்த ஒரு விதியை நெஞ்சிற் பதித்துக்கொண்டால் ஏனையவெல்லாம் தாமே விளங்கும்.

பின்புறக் கதவுள்ள சிறு கார்களில், கூரையின் முடிவிலே காற்று உடலைவிட்டுப் பிரிகின்றது. பிரியுமிடம் ஒழுங்கற்றிருந்தால் வண்டியின் பின்னே பெருஞ் சுழல் உண்டாகும். கூரையின் ஈற்றில் அளவறிந்து அமைத்த ஒரு சிறு வாற்பலகை, காற்றை ஒரு கூரிய விளிம்பிலே துண்டாகப் பிரியச் செய்கின்றது. அதனாற் சுழல் சுருங்கி இழுவையுந் தூக்கலுங் குறைதல் கூடும். வண்டி செய்வோர் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்து, அதன் நீளத்தையும் சாய்வையும் பலகாற் சோதித்தே அமைக்கின்றனர். ஆகவே தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வந்த வாற்பலகை அந்த வண்டிக்கென்றே பிறந்தது. வேறொரு வண்டியின் அச்சிலிருந்து பைபரில் வார்த்துக் கடையில் விற்பதோ பிறர் அளவுக்குத் தைத்த சட்டை. சில வேளை பொருந்தும், பல வேளை பொருந்தாது.

3. வரலாறு கூறும் பாடம்

காற்றைக் கொண்டே வண்டியை நிலத்தோடு அழுத்தலாம் என்னும் எண்ணம் புதியதன்று. 1928 ஆம் ஆண்டு மே மாதத்தில், பெர்லின் நகரத்து அவுஸ் ஓட்டப்பாதையில், பிரிற்ஸ் வொன் ஒபெல் என்பார் வாணவெடி விசையால் ஓடும் வண்டியை மணிக்கு 238 கிலோமீற்றர் கதியில் ஓட்டினார். வண்டி பறந்துவிடாதிருக்க அதன் இரு மருங்கிலும் கவிழ்த்த சிறகுகள் பொருத்தப்பட்டிருந்தன. 1956 இல் மைக்கேல் மே என்னும் பொறியியலாளர் தம் போர்ஷே வண்டியின்மேல் ஒரு பெருஞ் சிறகை நிறுத்திக்கொண்டு நூர்பேர்க்றிங் ஓட்டத்திற்கு வந்தார். போட்டி நடத்தினோர் அதனை ஏற்கவில்லை. 1966 இல் அமெரிக்கரான ஜிம் ஹோல் தம் சப்பரல் வண்டியில் உயர்ந்த சிறகை அமைத்து ஓட்டிய பின்னரே உலகம் அதன் வலிமையை ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்டதும் எல்லோரும் அதனைப் பின்பற்றத் தொடங்கினர். 1969 ஆம் ஆண்டு மே மாதம் பார்சிலோனாவில் நடந்த ஸ்பானியப் பெரும்பரிசு ஓட்டத்தில், கிரகம் ஹில், யோகன் ரின்ட் ஆகிய இருவருடைய வண்டிகளிலும் மெல்லிய தண்டுகளின் மேல் நின்ற சிறகுகள் முறிந்தன. இரு வண்டிகளும் மோதி நொறுங்கின, ஓட்டியோர் உயிர்தப்பினர். அதனை அடுத்து நடந்த மொனாக்கோ ஓட்டத்திலே உயர்ந்த சிறகுகள் தடைசெய்யப்பட்டன. உலகத்திற் சிறந்த பொறியியலாளர் பொருத்திய சிறகே முறிந்ததெனின், தெருவோரத்தில் நான்கு திருகாணியாற் பொருத்தியதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

வீதியிலோடும் வண்டிக்கு வாற்பலகை உண்மையாகவே வேண்டப்பட்ட காலமும் உண்டு. எந்திரத்தைப் பின்னே கொண்ட போர்ஷே 911 வண்டி மிகு கதியில் பின்புறம் தூக்கப்பட்டது. அதனைத் தணிக்க 1972 இல் வெளிவந்த கரேரா ஆர்.எஸ். வகைக்கு, வாத்தின் வாலையொத்த பலகை ஒன்றை அமைத்தனர். இன்னும் தெளிவான சான்று அவுடி நிறுவனத்தின் டி.டி. என்னும் சிறு கார். வழுவழுப்பாக வளைந்த முதுகுடன் 1998 இல் வந்த அவ்வண்டி, யேர்மனியின் வேகப் பெருந்தெருக்களிலே மிகு கதியில் நிலைதடுமாறி, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. நிறுவனம் வண்டிகளைத் திருப்பியழைத்து, பின்னே ஒரு சிறு வாற்பலகையைப் பொருத்திற்று. ஆயினும் பலகையோடு அது நிற்கவில்லை. தாங்கமைப்பைத் திருத்தியது, வண்டி வழுக்கும்போது தானே இயங்கிச் சீர்செய்யும் மின்னணுக் கருவியையும் சேர்த்தது. பலகையை மட்டும் நம்பியிராமையே இங்கு நாம் கற்க வேண்டியது.

4. கண்டிக் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். இலங்கையில் மோட்டார் காருக்குக் குடிமனைப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றரும், அதற்குப் புறத்தே 70 கிலோமீற்றரும், அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றரும் கதியெல்லைகளாம். கண்டி நகரினுள், பாடசாலை விடும் வேளையில், வாவிக்கரையைச் சுற்றிவருவோர் 20 கிலோமீற்றரைக் கண்டாலே பாக்கியம்.

ஒரு வாற்பலகை 120 சென்றிமீற்றர் நீளமும் பன்னிரண்டரைச் சென்றிமீற்றர் அகலமும் உடையதெனக் கொள்வோம். அது நன்றாகவே வேலைசெய்கிறதென்றும் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீற்றர் கதியில் அது வண்டியை அழுத்தும் விசை ஏறத்தாழ 14 நியூற்றன், அதாவது 1.4 கிலோகிராம் நிறை. மூன்று இறாத்தல் பாணை டிக்கியின்மேல் வைத்தது போன்றது. நூறு கிலோமீற்றர் கதியில் இது நான்கு மடங்காகி ஆறு கிலோகிராமை அணுகும். அதிவேகப் பாதையிலே காணும் அதியுயர் பயன் அவ்வளவே.

ஆட்களோடு 1200 கிலோகிராம் நிறையுள்ள வண்டி, 15 அடிக்கு ஓரடி இறங்கும் சாய்விலே, 50 கிலோமீற்றர் கதியிற் செல்கின்றது. மழை பெய்கின்றது. ரயருக்கும் நிலத்துக்குமுள்ள உராய்வுக் குணகம் 0.4 எனக் கொண்டால், பிரேக் பிடித்ததும் வண்டி நிற்க ஏறத்தாழ 29.5 மீற்றர் வேண்டும். வாற்பலகையின் 1.4 கிலோகிராம் அழுத்தத்தையும் சேர்த்துக் கணித்தால் அத்தூரம் எவ்வளவு குறையும்? நான்கு சென்றிமீற்றர்! இரண்டு விரற்கடை. அதே வண்டி உலர்ந்த சமவெளியில், குணகம் 0.8 ஆக இருப்பின், 12 மீற்றருக்குச் சற்று மேலே நின்றுவிடும். பதினேழு மீற்றர் வேறுபாட்டைச் செய்வன ரயரும் மழையும் சாய்வும். இரண்டு விரற்கடையைச் செய்வது பலகை. எதற்குப் பணம் கொடுப்பது என்பதை இனி நீங்களே தீர்மானியுங்கள்.

இழுவையைக் குறைத்து எரிபொருள் மிச்சம் பிடிக்கலாம் என்பாருமுளர். ஆயிரம் கிலோகிராம் நிறையுள்ள சிறு காரை 50 கிலோமீற்றர் கதியில் எதிர்க்குங் காற்றின் விசை ஏறத்தாழ 80 நியூற்றன். மேற்சொன்ன சாய்விலே ஏறும்போது புவியீர்ப்பு அதனைப் பின்னிழுக்கும் விசையோ 650 நியூற்றன். எண்பதிலே ஒரு சிறு பங்கைக் குறைத்து மலை நாட்டில் என்ன மிச்சம் காண்பது? வேண்டாத சுமையை டிக்கியிலிருந்து இறக்கி, ரயருக்கு அளவான காற்றடித்தால் அதனினும் மிகுந்த பயன் உண்டாம்.

5. பின்பாரம்

மற்றொரு நுட்பமும் உண்டு. இக்காலத்துச் சிறு கார்களிற் பெரும்பாலானவற்றில் எந்திரத்தின் வலு முன்சில்லுகளுக்கே செல்கின்றது. வண்டியைத் திருப்புவனவும் அவையே. பிரேக் பிடிக்கும்போது பெரும்பாரத்தைச் சுமப்பனவும் அவையே. வாற்பலகையோ பின்சில்லுக்கும் பின்னே அழுத்துவது. நம் முன்னோர் மாட்டுவண்டியில் மூடை ஏற்றுங்கால் பின்பாரமாகாதபடி பார்த்துக்கொள்வர். பின்பாரமானால் நுகம் மேலெழும்பும். மாட்டின் கழுத்திலே பிடிப்பிராது. அந்தப் பழைய அறிவே இங்கும் பொருந்தும். பின்னே வெகுதூரம் தள்ளி நிற்கும் பெருஞ் சிறகு, வேலைசெய்யும் அளவுக்கு முன்புறத்தை இலேசாக்கும். மலையேற்றத்திலே முன்சில்லுக்குப் பிடிப்பு வேண்டுவோர் பின்புறத்தில் அழுத்தந் தேடுதல், தலைவலிக்குக் காலிலே பற்றுப்போடுதலை ஒக்கும்.

நுவரெலியாவிலே 1934 ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியிற் பந்தய வண்டிகளைக் கண்டு ஆசைகொண்டோர் நம்மிற் பலர். பந்தய வண்டியின் ரயர், பிரேக், தாங்கமைப்பு, எந்திரம் யாவும் ஒன்றற்கொன்று இசைய அமைந்தவை. கச்சேரியிற் பக்கவாத்தியத்தை மட்டும் கொண்டுவந்து வைத்தாற் பாட்டுப் பிறவாது.

6. பொருத்த விரும்புவோர் கவனிக்க

அழகுக்காக ஒருவன் வாற்பலகை பொருத்துவதை யான் குறைகூறேன். வீட்டு வாயிலுக்குத் தோரணங் கட்டுவதை யார் தடுப்பர்? ஆனால் தோரணம் கூரையைத் தாங்குமென்று நம்பலாகாது. பொருத்த விரும்புவோர் பின்வருவனவற்றை முறையே கவனித்தல் நன்று.

முதலாவது, ரயர். அதன் வெட்டு 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அது ஓட்டத்திற்கு உதவாதெனப் பல நாடுகள் விதித்துள்ளன. மழைநீரை வெளியே தள்ளுவது அவ்வெட்டே. அது தேய்ந்தால் ரயருக்கும் நிலத்துக்கும் இடையே நீர் புகுந்துவிடும். ரயரும் பிரேக்கும் செம்மையான பின்னரே பலகையை நினைத்தல் வேண்டும்.

இரண்டாவது, அளவு. அவ்வகை வண்டிக்கென்றே செய்யப்பட்ட தாழ்ந்த பலகையைத் தெரிக. அது பின்கண்ணாடியை மறைத்தலாகாது. உயரத்தில் எரியும் மூன்றாவது பிரேக் விளக்கையும் மறைத்தலாகாது. பனிமூட்டத்திலே பின்வருவோனுக்கு அவ்விளக்கே கண்.

மூன்றாவது, துளை. கதவில் துளையிட்டால் துளையின் விளிம்பிலே தகடு வெறுமையாகின்றது. கண்டி மழைக்கு அது துருவின் வாயில். விளிம்புக்கு நிறம் பூசி, நீர்புகா அடைப்பு வைத்துத் திருகாணி பூட்டுதல் வேண்டும். ஒட்டுநாடாவை மட்டும் நம்புவதாயின், நிறப்பூச்சு முற்றாகத் தூய்மையாயிருத்தல் வேண்டும். கழன்று பறக்கும் பலகை பின்னே வரும் சைக்கிளோட்டியின் தலைக்கு எமன்.

நான்காவது, பாரம். பின்கதவைத் தாங்கும் வாயுத்தண்டுகள் அக்கதவின் நிறைக்கென அளந்து செய்யப்பட்டவை. மேலதிக பாரம் ஏறினால், திறந்த கதவு தானே இறங்கித் தலையில் விழுதல் கூடும்.

ஐந்தாவது, அனுமதி. வண்டியின் உருவத்தை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தாரிடமும் காப்புறுதியாளரிடமும் கேட்டறிதல் அறிவுடைமை. லீசிங் வண்டியாயின் உரிமையாளரான நிறுவனத்தையும் கேட்டல் வேண்டும்.

7. முடிவுரை

அவ்விளைஞன் இப்பொழுதும் அதே வண்டியையே ஓட்டுகின்றான். நான்கு புதிய ரயர்களை வாங்கிவிட்டான். அவற்றில் ஒன்றுக்கு யான் பணம் கொடுத்தேன். கடனைத் திருப்பித் தருவதாக அவன் சொல்கின்றான். கடன் என்னுடையதென்று யான் சொல்கின்றேன். வாற்பலகையை அவன் கழற்றவில்லை. திருகாணிகளை முறையாகப் பூட்டி, அடைப்பு வைத்திருக்கின்றான். "அழகுக்குத்தானே சேர், இருக்கட்டும்" என்றான். இம்முறை தலையசைத்தபோது, எதற்குத் தலையசைக்கிறேன் என்பதை அறிந்தே அசைத்தேன்.

ஆசிரிய கலாசாலையிலே பெற்ற சான்றிதழ் கற்பிக்கும் முறையை எனக்குக் கற்பித்தது. அறியாததை அறியேன் என்று மாணவனிடம் கூறும் முறையைக் கடுகண்ணாவைக் கான்தான் கற்பித்தது. நம் கல்லூரியிற் பயின்று இன்று பொறியியலாளராயும் மருத்துவராயும் வணிகராயும் விளங்கும் அன்பர்களே, உங்கள் சொல்லைச் சான்றாகக் கொள்வோர் உங்கள் ஊரிலும் பலர் இருப்பர். அவர்கள் ஒன்றைக் காட்டி, 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், அழகை மட்டும் பார்த்து விடையளியாதீர்கள். குனிந்து ரயரையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

மாணவர் பயிற்சிக்கு

1. வண்டியின் கதி மணிக்கு 25 கிலோமீற்றரிலிருந்து 75 கிலோமீற்றராக உயர்ந்தால் காற்றின் விசை எத்தனை மடங்காகும்?
2. வாற்பலகைக்கும் சிறகுக்குமுள்ள வேறுபாட்டைப் படம் வரைந்து விளக்குக.
3. 'பின்பாரம்' என்னும் சொல்லை மாட்டுவண்டி, முன்சில்லு வலுவுள்ள கார் ஆகிய இரண்டிற்கும் பொருத்தி ஒரு பந்தி எழுதுக.
4. உமது வீட்டு வண்டியின், அல்லது நீர் நாடோறும் ஏறும் வண்டியின் ரயர் வெட்டை அளந்து குறித்து வருக. இவ்வினாவிற்கு மட்டும் விடையைப் பெற்றோரிடம் காட்டிக் கையொப்பம் பெறுதல் வேண்டும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் மாணவர் குலம்!